வேறொருத்தர் பெயரில் ஒப்படைத்த துவக்கு

2006 செப்டம்பர் 4, திங்கள்

ஷாமிளாவுக்கு இருமல் நிற்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், என் முகத்திலேயே துப்பிவிட்டாள். நான் பிள்ளை பார்க்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஊரார் பெற்ற பிள்ளைகளெல்லாம் என் பேச்சைக் கேட்கும். நான் பெற்றது மட்டும் கேட்காது.

பன்றி மறுபடியும் வந்து மரவள்ளி மேட்டைக் கிளறிப் போட்டிருக்கிறது. இவர் போய்க் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தார். உள்ளே வந்து, அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கிற பலகையை அண்ணாந்து பார்த்தார். அங்கேதான் விறகுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி அந்தத் துவக்கு கிடக்கிறது, அனுமதி இல்லாத ஒற்றைக் குழல் துப்பாக்கி.

"கட்டப் போறீங்களா?" என்று கேட்டேன். "கட்ட மாட்டேன்னு ஒனக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்ல" என்றார். சத்தியம் பண்ணத்தான் செய்தார். ஆனால் துவக்கைப் பாதையோரம் கட்டி, குறுக்கே கம்பி இழுத்துவிட்டால் பன்றி மட்டுமா வந்து தட்டும்? அந்தப் பயம் எனக்குப் போவதே இல்லை.

செப்டம்பர் 7

எங்கள் வரிசை வீட்டு லயத்தில் பக்கத்துக் காம்பரா அழகம்மா அக்காவுக்குக் காலில் வெடி.

விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போயிருக்கிறார். தோட்டத்துக்கும் சிங்கள ஆட்கள் இருக்கிற நாட்டுக்கும் நடுவில் போகிற எல்லைப் பாதை, ரப்பர் மலைக்கு அதுதான் குறுக்கு வழி. யாரோ கட்டுத்துவக்கு கட்டியிருக்கிறான். முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து தொங்குகிறதாம். லொறியில் போட்டுக்கொண்டு போனார்கள். இருளப்பண்ணன் பொண்டாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் முதலில் என்ன செய்தேன்? லொறிக்குப் பின்னால் ஓடினேனா? இல்லை. வீட்டுக்கு ஓடினேன். விறகைத் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. சாக்கை அவிழ்த்துக் குழலை மோந்து பார்த்தேன் — துரு வாசம்தான், மருந்து வாசம் இல்லை. அப்புறம்தான் எனக்கு அழுகையே வந்தது.

சீ, நானும் ஒரு பொம்பளையா.

செப்டம்பர் 10

பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. துவக்கு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நாட்டுப் பக்கத்து ஆள் கட்டியது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், சொல்ல வாய் வராது.

அவர்கள் போன கையோடு இருளப்பண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கன்னையா, ஒன்னோடது இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒன்னு ஒங்க வீட்டுல இருக்குன்னும் தெரியும். இன்னிக்கு பொலிஸ் கேட்டப்ப வாயி வரைக்கும் வந்துருச்சு."

இவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். நான்தான், "அண்ணே, அன்னிக்குக் கல்லு விழுந்தப்ப ஒங்க புள்ளைங்களையும் அதுதானே காப்பாத்துச்சு" என்றேன்.

"இல்லங்கல தங்கச்சி. அன்னிக்குக் காப்பாத்துச்சு. இன்னிக்கு எம் பொண்டாட்டிக்குக் காலு போச்சு. நான் எதைக் கணக்கு வைக்க?"



செப்டம்பர் 11

அந்த நாளை நான் இதுவரை எழுதியதில்லை. போன வருசம் புத்தர் பண்டிகை வெசாக் முடிந்த கையோடு, பஸ் ஸ்டாண்டில் நம் பையன்களுக்கும் நாட்டுப் பையன்களுக்கும் சண்டை. பொழுது சாய்ந்ததும் லயத்தின் மேல் கல் விழ ஆரம்பித்தது. தகரத்தில் கல் விழுகிற சத்தம் இருக்கிறதே, ஐயோ. ஷாமிளாவை அடுப்படியில் தள்ளி நான் மேலே கவிழ்ந்துகொண்டேன். "கொட்டியா, கொட்டியா" என்று கத்துகிறார்கள். நாங்களா புலி? ரப்பர் பாலும் கொட்டாங்கச்சியுமாக நாறிக் கிடக்கிற நாங்களா?

இவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே போய் வானத்தைப் பார்த்து ஒரே வெடி. அவ்வளவுதான், சனம் கலைந்துவிட்டது. தோட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் பன்றி வெடி என்று சொல்லிச் சமாளித்தோம்.

அன்றைக்கு அந்தத் துவக்கைக் கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன். இன்றைக்கு அதற்குக் கீழே நின்று சோறாக்கும்போது குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை. இரண்டும் நான்தான்.

செப்டம்பர் 15

முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள், சிங்களத்தில். அனுமதி இல்லாத துவக்கு வைத்திருப்பவர்கள் இந்த மாத முடிவுக்குள் பொலிசில் ஒப்படைத்தால் வழக்குக் கிடையாதாம். அதற்குப் பிறகு பிடிபட்டால் தொலைந்தது.

எனக்கு உயிரே வந்தது போல இருந்தது. இவரிடம் ஓடிச் சொன்னேன். சிரித்தார். வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற சிரிப்பு.

செப்டம்பர் 16

சங்கத் தலைவர் வேலுசாமி அண்ணனிடம் கேட்கப் போனோம். துவக்கு என்று சொல்லவில்லை, "ஒருத்தருக்காகக் கேக்குறோம்" என்றோம். அவர் என்ன பச்சைப் பிள்ளையா?

"அந்த ஒருத்தர் துவக்கோட ஸ்டேசன் வாசல்ல போய் நின்னா, குடுக்க வந்தியா, சுட வந்தியான்னு கேக்க நேரம் இருக்குமா அவனுங்களுக்கு? சரி, வாங்கிக்கிட்டான்னே வச்சுக்குவோம். யாரு குடுத்தா, எங்க வாங்குன, வேற எங்க வச்சிருக்கன்னு கொழும்பு வரைக்கும் கொண்டு போவான். ஆத்துல போடச் சொல்லுங்க."

ஆற்றில் போடுவதாம். ஆற்றுக்குப் போகிற வழியில் யார் கண்ணிலும் படாமல் போக நாங்கள் என்ன காற்றா? தலைவர் தோட்டக் கூட்டத்தில் மேசையைத் தட்டுகிற தட்டு என்ன, இன்று கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுத்தது என்ன!

செப்டம்பர் 20

சோமாவதி அக்கா வீட்டுக்கு நானே போனேன். அவர் வீட்டுக்காரர் சுமணபால, நாட்டில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறவர், இவருக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. இந்தத் துவக்கை இவருக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தன்னிடம் இருந்ததை அவர் ஒலிபெருக்கி போன மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். கதிரை போட்டு உட்கார வைத்தார்களாம்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். சுமணபால வெட்டிக்கொண்டிருந்த பாக்கை என் பக்கம் தள்ளினார். பிறகு, தங்கச்சி முறை சொல்லி, "கொண்டு வா நங்கி. எங்க அப்பா செத்த பிறகு அட்டாலைப் பரண்ல கிடந்துச்சுன்னு சொல்றேன்" என்றார். சோமாவதி அக்காவுக்குப் பிடிக்கவில்லை, முகம் சொன்னது. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்கா காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

செப்டம்பர் 23

வீட்டில் பெரிய சண்டை.

"அது இல்லாத வீட்டுல எம்புள்ளைய எப்படித் தூங்க வைப்பேன்? மறுபடி வந்தா? நீ போய் சட்டம் பேசுவியா?"

"ஒரே ஒரு குழல வச்சுக்கிட்டு எத்தன பேர சுடுவீங்க? ஒருத்தர சுட்டா மறுநாள் லயத்தையே கொளுத்த மாட்டானா?"

"சுட மாட்டேன்டி. இருக்குன்னு தெரிஞ்சா போதும், வர மாட்டான்."

"இருக்குன்னு பொலிசுக்குத் தெரிஞ்சா? நீங்க உள்ள போனா நானும் இவளும் யாரு வாசல்ல நிக்கிறது? சொல்லுங்க, யாரு வாசல்ல?"

சட்டியைத் தூக்கிப் போட்டேன். உடையவில்லை, அலுமினியம். ஷாமிளா வீறிட்டு அழுதாள். இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

போன இடத்தில் இருளப்பண்ணன் சொன்னாராம்: மாதம் முடியும்வரை பார்ப்பேன், அதற்கப்புறம் நானே போய்ச் சொல்லிவிடுவேன் என்று. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழகம்மா அக்காவுக்கு இனிமேல் மலை ஏற முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 27

காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் விறகுக்கட்டு. இவர் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். தூக்கிப் பார்த்தேன், விறகுக் கனம் இல்லை அது. நடுவில் துவக்கை வைத்துக் கட்டியிருக்கிறார் மனுசன். கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தார்.

தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன், பட்டப்பகலில். மறைந்து போனால்தானே சந்தேகம். பாலத்துக்கிட்ட போகும்போது பின்னால் பொலிஸ் ஜீப் ஹோர்ன் அடிக்கிறது. கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முருகா, முருகா, முருகா — வேறொன்றும் வாயில் வரவில்லை. ஓரமாகப் போகச் சொல்லிக் கை காட்டுகிறான், அவ்வளவுதான். ஒதுங்கினேன். ஜீப் போய்விட்டது. கழுத்து திரும்பவே மாட்டேன் என்கிறது இன்னும்.

சோமாவதி அக்கா கட்டை இறக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

செப்டம்பர் 28

சுமணபால ஒப்படைத்துவிட்டார். தேத்தண்ணி கொடுத்தார்களாம்.

அக்டோபர் 2

நல்ல தூக்கம். அடுப்படியில் நின்று பாட்டெல்லாம் பாடினேனாம், ஷாமிளா சொல்கிறாள்.

இருளப்பண்ணனிடம் இவரே போய்ச் சொல்லியிருக்கிறார். அண்ணன் ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மனசுல வச்சுக்காதம்மா" என்றார். எதை மனதில் வைப்பது? நல்லதைத்தானே செய்ய வைத்தார். அக்காவின் காலைப் பறித்த துவக்கைக் கட்டினவன் யார் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அதனால் எல்லைப் பாதையில் யாரும் போவதில்லை. ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள்.

மரவள்ளியைப் பன்றி முழுசாகத் தின்றுவிட்டது. தின்னட்டும், சனியன்.

நவம்பர் 19

சோமாவதி அக்கா கடையில் சொன்னார். ஊர்க்காவலுக்கு ஆள் எடுக்கிறார்களாம், சண்டை மறுபடி தொடங்கிவிட்டது இல்லையா. சுமணபாலவை எடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டாகத் துவக்கை ஒப்படைத்த நேர்மையான மனுசன் என்று பொலிஸ் பெரிய ஐயா கூட்டத்தில் எழுந்து நின்று புகழ்ந்தாராம். புதுத் துவக்கு கொடுத்திருக்கிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வெடிக்கும் ரகமாம்.

இரண்டு என்றபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நல்லது" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி, "நல்லதுதானே?" என்று என்னையே கேட்டார்.

2007 ஜனவரி 9

லயத்தைச் சுற்றி வளைத்துச் சோதனை. எங்கேயோ பஸ்ஸில் குண்டு வெடித்ததாம். காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் ஆம்பிளைகளை உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு காம்பராவாக வந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குள் முதலில் வந்தது சுமணபால. தோளில் அந்தப் புதுசு. பின்னால் பொலிஸ்காரர். நான் ஷாமிளாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறக்கவில்லை, பாயை உதறவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார். விறகைத் தள்ளினார். பலகைக்குப் பின்னால் கையை விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துழாவினார்.

"முக்குத் நே சேர்" என்றார். ஒன்றும் இல்லையாம்.

பொலிஸ்காரர் திரும்பிப் போய்விட்டார். வேறு எதையும் தொடவில்லை. மற்ற வீடுகளில் அரிசியைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள்.

ஜனவரி 10

தூக்கம் இல்லை. பொலிஸ்காரர் கவனித்திருந்தால் சுமணபாலவை, உனக்கு எப்படித் தெரியும் அந்த இடம் என்று கேட்டிருக்க மாட்டார்களா? தன் தலையையும் கொடுத்துத்தானே கையை விட்டார்? எங்கள் வீட்டைச் சீக்கிரம் முடித்து, அவர்களை வெளியே கொண்டுபோகத்தானே? இல்லை, இன்னொன்று வாங்கி வைத்திருப்போம் என்று நினைத்தாரா?

இவரிடம் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார்.

"அப்படி எப்படிங்க ரெண்டும் இருக்கும்?"

"நீ அன்னிக்கு லொறி பின்னால ஓடாம பலகையப் போய் பாத்தியே. நான் கேட்டேனா?"

நான் அவரிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரிந்தது? சாக்கைத் திருப்பிச் சுற்றினது சரியில்லாமல் போயிருக்கும். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 21

பாலத்துக்கிட்ட மண்மூட்டை அடுக்கிக் காவல் போட்டிருக்கிறார்கள். மலைக்குப் போகிற ஆட்கள் போகும்போதும் வரும்போதும் ஐடென்டி, அதுதான் அடையாள அட்டை, காட்ட வேண்டும். காலையில் அங்கே நிற்பது சுமணபாலதான்.

நானும் இன்று இவரோடு போனேன், மருந்து எடுக்க. கூடவே பொலிஸ்காரர் நின்றார். சுமணபால கையை நீட்டினார். இவர் ஐடென்டியை இரண்டு கையாலும் கொடுத்தார். பார்த்தார், திருப்பினார், பெயரை வாசித்தார். இருபது வருசமாகத் தெரிந்த பெயர். "எங்க போறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"பால் வெட்ட, மாத்தயா" என்றார் இவர், ஐயாமாரைக் கூப்பிடுகிற மாதிரி.

மச்சாங், மச்சாங் என்று அவர் தோளில் கை போட்டுத் திரிந்த மனுசன். சுமணபால குனிந்து துவக்கு வாரைச் சரி பண்ணினார். எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவர் பாவம், பக்கத்தில் பொலிஸ் நிற்கிறான். கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னது நான்.

இன்னொரு தரம் கேட்டாலும் கொடுக்கத்தான் சொல்வேன். கொடுக்காமல் இருந்திருந்தால் ஜனவரியில் இவரைக் கொண்டுபோயிருப்பார்கள். அதைத் தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 5

இவர் இப்போதெல்லாம் சீக்கிரமே கிளம்புகிறார். காலில் பனியும் புல்லுமாக வருகிறார். ரோட்டில் ஏது புல்?

மார்ச் 6

கேட்டுவிட்டேன். எல்லைப் பாதையில் போகிறாராம்.

"பைத்தியமா ஒங்களுக்கு? அழகம்மா அக்காவ பாத்துமா? போன வாரங்கூட அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டுச்சே! எவன் எங்க கம்பி இழுத்திருக்கானோ!"

கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும். அது ஐடென்டி கேக்காது."

அழுதேன், காலைப் பிடித்தேன், ஷாமிளா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார்.

மார்ச் 7

கையில் ஒரு நீளக் கம்பு கொண்டு போகிறார், முன்னால் தட்டிப் பார்த்து நடக்க.

மார்ச் 12

பிள்ளைக் காம்பராவில் காலையில் பிள்ளைகள் கத்தினால் அதட்டுகிறேன். முன்னெல்லாம் நான் அப்படி இல்லை. பாவம், அதுகளுக்கு என்ன தெரியும். மலைப் பக்கம் வெடிச் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று எனக்குக் கேட்க வேண்டும்.