ரேகை இல்லாத விரல்

7 மார்ச் 1927
லண்டன், கல்கத்தா, ரங்கூன். இப்போது பினாங்கு. வெள்ளைக்கார மேனேஜர் துரையின் அறையில் தொங்கும் உலகப்படத்தில் எங்கள் வங்கிக்கு நான்காவது சிவப்புக் குண்டூசி. பீச் ஸ்ட்ரீட்டில் கிளை திறந்து மூன்று மாதம். பெரிய வியாபாரிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இனித் துறைமுகத் தொழிலாளிகளின் சேமிப்பைப் பிடிக்க வேண்டுமாம். அதற்குத்தான் மதராஸ் பி.ஏ. படித்த தமிழ்க் குமாஸ்தா; இங்கே கிராணி என்பார்கள். நான்.

9 மார்ச்
முதல் ஆள் இராயப்பன், மூட்டை தூக்குகிறவர். மகள் ஜூலியானாவின் கல்யாணத்துக்குச் சேர்க்கிறார். அவர் குடியிருக்கும் கூலி லைனில் இரண்டு முறை திருட்டுப் போயிருக்கிறது.
ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். வைத்தார். வெறும் மைத் திட்டு. மூன்று முறையும்.
"பதினாறு வருசமா சாக்கும் கயிறும் தேச்ச கை, தம்பி. ரேகையெல்லாம் கப்பலேறிப் போச்சுலா!"
துரை சிரிக்கவில்லை. கணக்குத் திறக்கவில்லை. இராயப்பன் பணத்தை மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டு போனார்.

10 மார்ச்
மதியம் துறைமுகத்துக்கே போய் இராயப்பனைக் கேட்டேன்.
"அண்ணே, தமிழ் எழுதத் தெரியுமா?"
"கோயில் பள்ளிக்கூடத்துல பேரு மட்டும் படிச்சேன். அதுக்கு மேல வாத்தியாருக்குப் பொறுமை இல்ல."
போதும்.
தமிழ்க் கையெழுத்தை ஏற்கலாம் என்று துரையிடம் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்ப்பது யார் என்றார். நான். தவறினால்? என் வேலை போகட்டும் — எப்படிச் சொன்னேன்? சொல்லியாகிவிட்டது. பின்வாங்கமாட்டேன்.

14 மார்ச்
பணம் எடுக்கும்போது ஒப்பிட மாதிரிக் கையெழுத்து அட்டை. இராயப்பன் ஒவ்வோர் எழுத்தையும் மூட்டை இறக்குவதுபோல இறக்கினார். கணக்கு திறந்தாயிற்று.

31 மார்ச்
தமிழ்க் கையெழுத்தில் இதுவரை பதினொரு கணக்கு.

6 மே
இராயப்பன் பணம் எடுக்க வந்தார். வெள்ளைச் சட்டை. சீட்டில் கையெழுத்து — ஆங்கிலத்தில்! ஒன்றரை மாதம் பழகினாராம். வங்கிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று.
துரை என் பின்னால் நின்றார். இவர் முகம் எனக்குத் தெரியும், குரல் தெரியும். அட்டைக்குத் தெரியாதே.
"இது செல்லாது அண்ணே. தமிழ்ல போடுங்க."
"இங்கிலீஷுமா செல்லாது? அப்ப நீங்க எதுல போடுறீங்க தம்பி?"
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தமிழில் போட்டார். ஒப்பிட்டேன். சரி.

9 மே
துரை இன்னும் இருநூறு அட்டைகள் வரவழைத்துவிட்டார்.
முதல் அட்டையை நானே எடுத்தேன், என் கணக்குக்கு. இந்த நோட்டு முழுவதும் தமிழ்தான். ஆனால் என் பெயரைப் பெர்னார்ட் என்று தமிழில் கையெழுத்துப் போட்டதே இல்லை. இரண்டு மாதிரி போட வேண்டும். ஒன்று கோணல். மற்றது வேறு யாரோ போட்டது போல.
ஒப்பிட்டுப் பார்ப்பவனும் நான்தானே. செல்லாது என்று தள்ளினேன்.
இன்னோர் அட்டை எடுத்தேன்.