நான் கலந்துவிட்ட பிஸ்டன்கள்

அன்பு மகளுக்கு,

நீ செய்துகொண்டிருந்த குட்டி எஞ்சினின் பிஸ்டன்களை நான் கலந்துவிட்டேன். உன் லேத்தை, அந்தக் கடைசல் மெஷினை, வாங்க வந்தவர் வாங்க மாட்டேன் என்கிறார், ஆனால் வருவதையும் நிறுத்த மாட்டேன் என்கிறார். நீ வேறு எதையாவது நினைத்துப் பதறக் கூடாது என்று நடந்ததை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மற்றபடி நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய், அதற்கும் காரணம் இருக்கிறது, வரிசையாக வருகிறேன்.

போன மாதம் நீ போனில், சரிம்மா, லேத்த வித்துடு, எனக்கு இனிமே அது வேணாம் என்று சொன்னாய். எனக்குச் சொல் என்றால் சொல்தான், முப்பது வருஷமாக அப்படித்தான் போல்ட் கடை நடத்துகிறேன். மறுநாளே நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். விற்கிற பொருளைத் தூசியோடு காட்டுகிற வழக்கம் என்னிடம் கிடையாது, அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்தானையைச் செருகிக்கொண்டு, லேத் இருக்கிற உன் பின்னறைக்குள் போனேன். அப்பா வாசலிலேயே நின்று, அவ வச்சத வச்ச இடத்துல விட்டுடு என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடை வந்திருக்காது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு மட்டும் கேட்டிருக்கலாம்.

நீ மேசையில் எல்லாவற்றையும் தேநீர்க் கோப்பைகளுக்குள் போட்டு வைத்திருந்தாய், ஒரு கோப்பையில் ஒரு சிலிண்டர், அதற்குள்ளேயே செருகிய ஒரு பிஸ்டன், பக்கத்தில் நாலு குட்டி போல்ட், இரண்டு வளையம். இப்படி மூன்று கோப்பை. நாலாவது கோப்பையில் சிலிண்டர் மட்டும் இருந்தது, பிஸ்டன் இல்லை. எனக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. நான் எப்படி ஆரம்பித்தேன் என்று உனக்குத் தெரியும், மூடிப்போன பட்டறையில் எல்லாம் கலந்து கிடந்த போல்ட்டுகளை மூட்டையாக வாங்கிவந்து, வீட்டுத் தரையில் கொட்டி, அளவு பார்த்துப் பிரித்துத்தான் முதல் வியாபாரம். பிரிக்கத் தெரிந்ததால்தான் பிழைத்தேன். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி வைத்தால் வாங்குகிறவர் கண்ணுக்குப் பொருள் தெரியாதே என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிஸ்டன் எல்லாம் ஒரு டப்பா, சிலிண்டர் எல்லாம் ஒரு டப்பா, போல்ட் ஒரு டப்பா என்று கடையில் அடுக்குவது போல அடுக்கினேன். காணாமல் போன நாலாவது பிஸ்டனையும் தேடினேன், மேசைக்கு அடியில் நீ கழிவு போடுகிற தகர டப்பாவில் கிடந்தது, மற்ற மூன்றையும்விடப் பளபளப்பாக. இவ்வளவு நல்ல சரக்கைக் குப்பையில் போட்டிருக்கிறாளே என்று உன்னைத் திட்டிக்கொண்டே அதையும் கழுவி டப்பாவில் சேர்த்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கு இருந்த திருப்தியை என்னவென்று சொல்வேன்.

அடுத்த ஞாயிறு லேத்தைப் பார்க்க வந்தவர் யார் என்று நினைக்கிறாய், நம் ஒத்தை போல்ட்டு. அதுதான், கடைக்கு வந்து ஒரே ஒரு போல்ட் கேட்டு, அதையும் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு காட்டுங்கள் என்பாரே, அவரைக் கண்டாலே நம் ஆட்கள் உள்ளே போய் ஒளிந்துகொள்வார்களே, அவர்தான். பல் டாக்டர், வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டில் சின்னச் சின்ன எஞ்சின் செய்கிறாராம். நான் விலையைச் சொன்னேன். ஒரு பேச்சும் பேசாமல் சரி என்றார். பேரம் பேசாத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும், உனக்குத் தெரியுமே. பிறகு அவர் பார்வை டப்பாக்களின் மேல் போனது. பல் வலி என்று வந்தவரிடம் கேட்பது போல மெதுவாக, யாரும்மா இதப் பிரிச்சது என்றார். நான்தான் என்று பெருமையாகவே சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நாலும் ஒரே அளவுதானே டாக்டர், நானே வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன், கோடு பிசகவில்லை என்றேன். அவர் சொன்னது இது: உங்க வெர்னியருக்கு நாலும் ஒண்ணும்மா, தேய்ச்ச கைக்கு நாலும் வேற, அண்ணன் தம்பிதான், ஆனா ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்குச் சேராது. ஒவ்வொரு பிஸ்டனையும் அதனதன் சிலிண்டருக்குள் மெருகு போடுகிற பசை போட்டு நாள் கணக்கில் தேய்த்து ஜோடி சேர்த்திருக்கிறாய், மாற்றிப் போட்டால் ஒன்று இறுகிக்கொள்ளும், இல்லை காற்றை விட்டுவிடும், எஞ்சின் ஓடாது என்றார். முப்பது வருஷம் போல்ட் விற்ற எனக்கு இது தலையில் ஏறவே இல்லை. என் கடையில் ஒரே அளவு என்றால் எந்த போல்ட்டும் எந்த நட்டிலும் ஏறும், ஏறாவிட்டால் அதைத் திருப்பி அனுப்புவேன். ஒரே ஒரு துளையில் மட்டும் சேருகிற சாமானை எதற்கு ஒரு மனுஷி நாள் கணக்கில் செய்வாள், அதை யாருக்கு விற்பாள். கேட்டேவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, இத்தனை வருஷத்துல நான் கட்டின பல்லெல்லாம் அப்படித்தாம்மா என்றார்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு, மத்தியானத்தில் வந்து உட்கார்ந்து ஜோடி தேடினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, சிலிண்டரின் அடிவாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மேலே பிஸ்டனை வைத்து விடுவார். ஜோடி இல்லை என்றால் உள்ளேயே போகாது, இல்லை பொத்தென்று விழும். ஜோடி என்றால் தூக்கம் வருகிற குழந்தையின் கண் மாதிரி மெல்ல இறங்கி, காற்றின் மேல் அப்படியே நிற்கும், விரலை எடுத்த பிறகுதான் கீழே வழுக்கும். நான் அழுத்திப் பார்க்கலாமே என்றேன், பல்லப் பிடுங்கத்தான் பலம் வேணும், இதுக்கு வேணாம் என்று என் கையைத் தட்டிவிட்டார், என் வீட்டிலேயே. முதல் ஜோடி சேர்ந்தபோது நானே கை தட்டினேன், எதற்குத் தட்டினேன் என்று இன்னும் தெரியவில்லை. மூன்று ஜோடியும் சேர்ந்துவிட்டது. நீ ஒன்றும் பயப்படாதே, இப்போது மூன்றும் அதனதன் கோப்பையில், செருகியபடியே இருக்கிறது.

நாலாவதுதான் குழப்பம். நான் குப்பையிலிருந்து எடுத்த அந்தப் பளபளப்பான பிஸ்டன் எந்தச் சிலிண்டரில் போட்டாலும் பொத்துப் பொத்தென்று விழுந்தது. டாக்டர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது உங்க பொண்ணு கழிச்சுக் கட்டினது, ஒரு மயிரிழை அதிகமா தேய்ஞ்சுபோச்சு, அதான் தூக்கிப் போட்டிருக்கா என்றார். அப்படியானால் நாலாவது எங்கே என்று நான் மறுபடி மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். அவர் இந்தக் களேபரத்தில் இதுவரை பார்க்காமலே விட்டிருந்த லேத்தின் பக்கம் போய், நான் போர்த்தியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். சாமானைக் கடித்துப் பிடிக்கிற சக்கில் மாட்டியபடி விரல் நீள இரும்புத் துண்டு ஒன்று நின்றது, பாதி கருப்பாக, பாதி கடைந்து வெள்ளையாக. நான் அதை மெஷினின் பாகம் என்றே நினைத்து அதையும் துடைத்து வைத்திருந்தேன். இதான் உங்க நாலாவது என்றார். பாதி வேலையில் நிற்கிறதாம், அதை அந்தப் பிடியிலிருந்து கழற்றினால் மறுபடி அதே மையத்தில் உட்காராதாம், அதனால்தான் நீ கழற்றாமல் விட்டுப் போயிருக்கிறாயாம். திரும்பி வராதவ இப்படி விட்டுட்டுப் போக மாட்டா, நான் இத வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் வாயாலேயே விற்கச் சொன்னாள் டாக்டர், நான் என்ன பொய்யா சொல்கிறேன் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேண்டுமானால் கழற்றித் தருகிறேன், சக்கைத் திருகித் தளர்த்துகிற சாவி எங்கே என்று தேடினேன். இல்லை. இழுப்பறை, அலமாரி, பெட்டிக்கு அடியில், எங்கும் இல்லை. என் கடையில் வேறு சாவி இருக்கிறது, கொண்டுவந்து கழற்ற எனக்கு எவ்வளவு நேரம் ஆகும். அப்போதுதான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, தாளை இறக்காமலே, அது இங்க இல்ல, ஊருக்குப் போற அன்னைக்கு அவ கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டா, நான் பார்த்தேன் என்றார். இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேக்கலையே என்றார். இந்த மனுஷனை நான் என்ன செய்ய.

அன்றையிலிருந்து எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை கண்ணு. வாய் விற்கச் சொல்கிறது, கை சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. நீ நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை செய்கிற இடத்தில் அந்தச் சாவி எதற்கு. ஒருவேளை மறதியாகப் பைக்குள் விழுந்ததா. இல்லை, ஊருக்குப் போகும்போது வேண்டும் என்று இருந்து, அப்புறம் வேண்டாமென்று ஆகிவிட்டதா. எவ்வளவு யோசித்தாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறேன். ஒன்று மட்டும் புரிகிறது. அந்த அறை சும்மா கிடக்கிறது, கடையின் வாஷர் பெட்டி வைக்க இடமில்லை என்று ஒவ்வொரு போனிலும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் சொல்லியிருப்பேன். பேரத்தில் சலித்துப்போய்ச் சரி என்கிறவரை எனக்கு நன்றாகத் தெரியும், குரலிலேயே தெரியும், அவர் மறுநாள் பொருளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார், அந்தச் சரியை நான் கடையில் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. உன் சரி அந்தச் சரிதானோ என்னவோ. வெளி ஆளிடம் தெரிந்துகொள்வது உன்னிடம் எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்பதும் விளங்கவில்லை. அதனால்தான் போன் செய்யவில்லை. போனில் நான் பேசினால் நீ இதற்கும் சரி என்றுதான் சொல்வாய்.

வாஷர் பெட்டிகளை மாடிப்படியின் ஓரமாக அடுக்கிவிட்டேன், அப்பா முழங்காலுக்கு மாடியே வேண்டாம் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அவருக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடாதே. எந்த மெஷின் பக்கம் நின்றாலும் முடியைக் கட்டிக்கொள், கையுறை போடாதே, இது டாக்டர் சொல்லச் சொன்னது. பழைய அறைத்தோழி தந்த கம்பளியைத் துவைத்துப் போடு. நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நிறைந்த ஆயுசோடு இரு. கைப்பையின் உள்ளறையை மறக்காமல் பார்.

நிபந்தனையைக் கையெழுத்துக்கு மேலே எழுதுவது என் பழக்கம். டாக்டரும் நானும் பேசி முடித்தது இது. லேத் எங்கும் போகாது. சக்கின் மேல் நான் உட்பட யாரும் கை வைக்கக் கூடாது. ஞாயிறு மத்தியானம் அவர் வந்து எண்ணெய் போட்டுத் துருவேறாமல் பார்த்துக்கொள்வார், பதிலுக்கு இறுக்கிப் பிடிக்கிற உன் வைஸும் அரங்களும் அவர் வேலைக்கு, தேநீர் சர்க்கரை இல்லாமல். நீ விற்கச் சொல்வதானால் வாய்ச்சொல் செல்லாது, சாவி தபாலில் வரவேண்டும், வந்தால் முதலில் சொன்ன விலைக்கு அவருக்கே. வராவிட்டால் அவருக்குப் பராமரிப்புக் கூலி எதுவும் வேண்டாம், நாலாவதையும் நீ கடைந்து முடித்து எஞ்சின் முதல் தடவை ஓடுகிற அன்றைக்கு அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் பேரம் பேசவில்லை, எனக்கும் ஒரு ஸ்டூல் போடச் சொல்லி ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா