ஓரத்துப் பெருக்கல் குறிகள்

அன்பு மகளுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அப்பாவின் புத்தகங்களைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் புதன்கிழமைதோறும் போய் வருகிறேன். நம் வீட்டில் குளியலறைக்கு வழிவிடாமல் கிடந்தவற்றுக்கு இப்போது குளிர்சாதன அறை. நான் ஒரு மின்விசிறிக்கு எத்தனை வருஷம் கெஞ்சினேன் என்பது உனக்கே தெரியும். வாசலில் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று ஒரு கட்டம். ‘தூசி தட்டுகிறார்களா என்று பார்க்க’ என்று எழுதினேன். நூலகர் சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

அங்கே ஓர் ஆய்வு மாணவி இருக்கிறாள். புத்தக ஓரங்களில் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகளை நாலு வருஷமாக ஆராய்கிறாளாம். தத்துவ மேதையான அப்பா உடன்படாத இடங்கள் அவை என்பது அவள் முடிவு. அப்பா எழுதிய புத்தகத்திலேயே பதினொரு குறிகள் இருப்பதால், தன்னையே மறுக்கும் துணிச்சல் என்று ஒரு தனி அத்தியாயம். ஆய்வேட்டை அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அத்தனையும் நான் போட்டவை. மதியம் படித்தபடியே தூங்கிவிடுவார். எழுப்பினால், “தூங்கல, யோசிச்சிட்டிருந்தேன்” என்று சாதிப்பார். அதனால் விட்ட வரிக்குப் பக்கத்தில் சாட்சிக்கு ஒரு குறி போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி வைப்பேன்.

சொன்னால் அவள் உழைப்பு பாழ். சொல்லாவிட்டால் நாளைக்கு ஊர் சிரிக்கும். இரண்டு புதன்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது புதன்கிழமை சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள். பிறகு நூலகர் அதட்டும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்போ அவரை அதிகமாத் தூங்க வெச்சது யாரும்மா?” என்று புது நோட்டைத் திறந்தாள். அன்றே எண்ணிப் பார்த்தோம். வாழ்நாள் முழுக்க அப்பா ஒரு பேராசிரியரோடு சண்டை போட்டாரே, அவர் எழுதிய புத்தகங்களில் ஒரு குறிகூட இல்லை. கோபத்தில் கொட்டக் கொட்ட விழித்துப் படித்திருக்கிறார். ஆய்வையே இந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். ஆறு மாத அவகாசமும் கிடைத்துவிட்டது.

கடைசியாக ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அப்பா கடைசியாகப் படித்தது. பாதியில் ஒரு குறி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இதுவும் தூக்கம்தானா என்று கேட்டாள்.

அன்றைக்கும் குறி போட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் டீ போடப் போனேன். வந்து எழுப்பினேன். மற்றது உனக்குத் தெரியும்.

“அது மட்டும் அவர் போட்டதும்மா. அந்த வரி அவருக்குப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டேன். அவளும் எழுதிக்கொண்டாள். உன்னிடம் கேட்டாலும் அப்படியே சொல்.

இருவரும் நூறு வயது ஒன்றாக இருங்கள். மாப்பிள்ளை படித்துக்கொண்டே கண் அசந்தால், குறியெல்லாம் போட்டுக்கொண்டிருக்காதே. உடனே எழுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா