கட்டை போட்ட வரி

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி

இந்த மனுஷனோட பேஜாரு தாங்கல. பொண்ணு ரேவதிக்கு நெறமாசம். எங்க தெரு மண்ரோடு பூரா அலை அலையா வரி போட்டு கீது. ஆட்டோல போனா குடலே குலுங்குது. வலி வந்தா எப்டி இட்டுகினு போறதுன்னு வூட்டுக்காரர கேட்டேன். ஒடஞ்ச கட்டுமரத்துலேர்ந்து ஒரு கட்டைய உருவி, அவரோட ஆட்டோ பின்னால கட்டி, ரோட்ட சமம் பண்றேன்னு இழுத்தாரு.

மெதுவா இழுத்தவரைக்கும் சமமா தான் வந்துச்சு. டிவில மேட்ச் ஆரமிச்சிடும்னு அவசரம், ஆக்சிலேட்டர முறுக்குனாரு. வேகத்துல கட்ட எகிறி எகிறி வுழுந்துச்சு. எகிறும்போது வாரிகினு வந்த மண்ண அங்கயே மேடா வுட்டுச்சு, வுழுந்த எடத்துல பள்ளம் தோண்டுச்சு. ஆட்டோ சக்கரம் குதிச்சு குதிச்சு போட்ட அதே வரி, இப்ப புதுசா!

"மெதுவா போய்யா"ன்னு தொண்ட கிழிய கத்துனேன்.

"மண்ணு சரியில்லடி"ன்னு இன்னும் வேகமா இழுத்தாரு.

இப்ப சோறு துன்னுட்டு கொறட்ட வுடுறாரு. ரேவதி தான் தூங்கல. வயித்த தடவிகினே சொல்றா: "யம்மா, வலி வந்தா நைனாவ எழுப்பாத. நான் நடந்தே போய்க்கிறேன்."