சித்திரையில் காட்டிய மனை

செம்பாக்கம், 10.4.2023

அருமை மருமகன் ஜெரோமுக்கு,

ஜாம்பியாவில் செம்புச் சுரங்கமே உன் கையில்தான் ஓடுகிறது என்று கோயில் வாசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். "அப்போ முதலாளியா?"ன்னு பக்கத்து வீட்டு தீனா கேட்டான். "முதலாளியே இவனைக் கேட்டுத்தான் மூச்சு விடுவாரு"ன்னேன். கனடாக்காரர்கள் பணம் போட வருகிறார்களாமே? எதைப் பார்த்துப் போடுவார்கள், எழுது. வெள்ளைக்காரனுக்கே மனை காட்டியவன் நான்!

உன் தாய்மாமன்,
ரியல் எஸ்டேட் சக்கரவர்த்தி சவுரிமுத்து

ஜாம்பியா, 2.5.2023

அன்புள்ள மாமாவுக்கு,

நான் வெறும் சுரங்க இன்ஜினீயர். மண்ணில் செம்பு எவ்வளவு, துறைமுகம்வரை ரோடு உண்டா, கரண்ட் நிற்குமா, அரசாங்கம் வரியையும் சட்டத்தையும் திடீரென மாற்றுமா, இதெல்லாம் பார்ப்பார்கள். எல்லாம் சரிதான். மழைக்காலத்தில் மட்டும் சுரங்கத்துக்குள் தண்ணீர் இறங்குகிறது. சொன்னால் அவர்கள் வரமாட்டார்கள், கம்பெனி சுரங்கத்தை மூடிவிடும். சொல்லாவிட்டால், கீழே இறங்கப்போகிறவன் என் டீமில் இருக்கும் காலேப். தூக்கம் வரவில்லை மாமா.

ஜெரோம்

செம்பாக்கம், 20.5.2023

அடப் பைத்தியமே,

இதுக்கா தூக்கம் போச்சு? ஏரிக்கரையில் நாற்பது மனை விற்றவன் உன் மாமன். எப்போ காட்டினேன்? சித்திரை வெயிலில்! தரை அப்பளமாகக் காய்ந்து கிடக்கும். கார்த்திகையில் ஒருத்தரையும் அந்தப் பக்கம் கூட்டிப் போனதில்லை. பொய் சொன்னேனா? இல்லையே, வெயில்தானே காட்டியது! நீயும் மழை இல்லாத மாதத்தில் கூட்டிப் போ.

வெற்றி உனதே,
ரி.எ.ச. சவுரிமுத்து

ஜாம்பியா, 5.2.2024

மாமா,

நீங்கள் சொன்னபடி ஆகஸ்டில் கூட்டிப் போனேன். புழுதி பறந்தது. தண்ணீரைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பணம் வந்தது, இன்னும் ஆழமாகத் தோண்டினோம். போன மாத மழையில் மேல்மண் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. காலேபும் இன்னும் நான்கு பேரும் மேலே வரவில்லை.

உனக்கு முன்பே தெரியுமா என்று காலேபின் மனைவி கேட்டாள். தெரியும் என்றேன்.

உங்கள் மனைகளில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் மாமா?

ஜெரோம்

செம்பாக்கம், 4.12.2024

ஜெரோம்,

பத்து மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. நீ மேனேஜராகிவிட்டாய் என்று இங்கே சொல்லிவைத்திருக்கிறேன்.

நேற்று மழை விட்டதும் ஏரிக்கரைக்குப் போனேன். முழங்கால் தண்ணீர். நான் விற்ற மனையில் வீடு கட்டியிருக்கும் யூனிஸ், கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை பீரோமேல் உட்காரவைத்திருந்தாள். என்னைக் கண்டதும், "வாங்கண்ணா, உங்களாலதான் எங்களுக்குன்னு ஒரு வீடு ஆச்சு. காபி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றாள்.

தண்ணீரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

சவுரிமுத்து