ஞானத்தகப்பன் போட்ட சிலுவை

1974 மே 14, செவ்வாய்

இறால் கம்பெனி வேலை வேண்டாம் என்று சொல்லத்தான், ஞானஸ்நானத்தில் என்னை ஏந்திய ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பழக்கதோஷத்தில் கைகூப்பி "ஸ்தோத்திரம்" என்றுவிட்டேன். அவர் என் நெற்றியில் சிலுவை போட்டு, "திங்கக்கெழம சேந்துருலே. பேசி முடிச்சாச்சு" என்றார். ஆசீர்வாதம் வாங்கியபின் மறுக்க வாய் வரவில்லை.

அந்தக் கம்பெனியின் விசைப்படகுதான் தருவைகுளம் கடலில் என் கூட்டாளி சூசையின் அப்பா வலையைக் கிழித்தது. அதற்காக நானும் சூசையும் காலேஜ் பையன்களைத் திரட்டி, கம்பெனி வாசலில் மறியல் செய்தோம்.

சாயங்காலம் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன். அவனோ குரலைத் தாழ்த்தி, "ஒன் ஞானத்தகப்பன்ட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லுதியாலே?" என்றான்.

அடித்திருந்தால் நாளைக்கே போய் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். இனி எப்படிச் சொல்ல?