என் பெயர் இல்லாத மென்பொருள்

அம்மா, முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் சௌக்கியம்.

சின்ன விஷயம். கணினிக்குள் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் மென்பொருளை அறைத்தோழனும் நானும் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தோம் அல்லவா? நேற்று அதில் ஒரு திருத்தம் செய்யப் போனேன். உனக்கு அனுமதி இல்லை என்றது கணினி. எழுதியவர் என்ற இடத்திலும் அவன் பெயர் மட்டுமே. அவனிடமே கேட்டேன்.

"ஒருத்தன் கையில இருந்தாதான் கம்பெனிக்காரங்க நம்புவாங்கடா. மனசுல வெச்சுக்காத," என்று என் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டான். சிரித்துவைத்தேன். தட்டை அவன் பக்கமே நகர்த்திவிட்டேன்.

என் பழைய போர்வையை அனுப்பம்மா. துவைக்க வேண்டாம்.

இதோ, வந்து நிற்கிறான். ஏதோ ஆஸ்பத்திரியில் எங்கள் மென்பொருள் பதியாமல் நின்றுவிட்டதாம், அவனுக்குப் பிடிபடவில்லையாம். அங்கே இருக்கும் நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள்? போய்ப் பார்க்கிறேன்.

அவசரத்தில்,
உன் பிள்ளை